இரும்புப் பெட்டியில் ஓர் அறை

எழுதுகிறவனுக்கு ஒரு பேனாவும் கொஞ்சம் காகிதமும் இருந்தால் போதாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. அப்படிக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் எழுதாதவர்கள். அல்லது வீட்டில் தனி அறை உள்ளவர்கள். நான் இரண்டிலும் சேராதவன். இருபது வருஷங்களாக எழுதுகிறேன். எழுதியதெல்லாம் வீரசோழனில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஜன்னலோரத்து மேஜையில் எழுதியவைதான்.

அந்த வீட்டில் ஒரு கூடம், இரண்டு அறைகள், ஒரு சமையற்கட்டு. ஆட்கள் ஆறு பேர். கதாநாயகி ரயிலடியில் கண்ணீரை அடக்கிக்கொண்டு நிற்பாள். அவள் வாயைத் திறக்கப்போகும் சமயம் பார்த்து மிக்ஸி ஓடும். மிக்ஸி நின்றதும் தொலைக்காட்சியில் வேறொரு கதாநாயகி அழத் தொடங்குவாள். சின்னவன் ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்க வந்து நிற்பான். சந்தை நாள் என்றால் விடியற்காலையிலிருந்தே தெருவில் ஆடுகள் போகும். ஆடுகளுக்குப் பின்னால் விலை பேசுகிறவர்கள் போவார்கள். ஒரு தொடர்கதையில் என் கதாநாயகி எந்த ரயிலிலும் ஏறாமல் மூன்று வாரம் அந்த ரயிலடியிலேயே நின்றுவிட்டாள். மனப் போராட்டத்தை நுட்பமாகச் சித்திரித்திருக்கிறேன் என்று வாசகர்கள் பாராட்டி எழுதினார்கள். உண்மைக் காரணம் மிக்ஸி என்பதை இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன்.

கொல்லையில் இடம் இல்லாமல் இல்லை. பழைய மாட்டுத் தொழுவம் இடிந்த இடம் வேப்பமரத்துக்குக் கிழக்கே சும்மாதான் கிடந்தது. அங்கே ஓர் அறை கட்டிக்கொள்ளலாம் என்று கொத்தனாரை அழைத்து வந்தேன். அவர் மண்ணை ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்.

"ஒரு ரூம்தானேன்னு லேசா நெனைக்காதீங்க சார். இந்த மண்ணுல, மேல ஒரு ரூபா செலவுன்னா உள்ள ஒண்ணேகால் ரூபா போகும்" என்றார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் கொல்லை மண் கரிசல். மழை பெய்தால் தண்ணீரைக் குடித்து ஊதும். கோடையில் வற்றி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். பருத்திக்கும் சோளத்துக்கும் அது தாய்; சுவருக்கு எமன். இந்தச் சீமையில் செங்கல் சுவர்களில் மூலைவாட்டில் ஓடும் விரிசல்களைப் பார்த்தால், ஒவ்வொரு வருஷத்து மழையையும் வெயிலையும் அந்தந்த வீடு கணக்கெழுதி வைத்திருப்பதுபோல இருக்கும்.

அந்த நாளில்தான் ஒரு காரியமாகத் தூத்துக்குடி போகும் வழியில், நாற்கரச் சாலை ஓரத்தில் ஒரு கண்டெய்னரை டீக்கடையாக்கி வைத்திருப்பதைப் பார்த்தேன். ஒரு பக்கத்துத் தகட்டை வெட்டித் தூக்கிப் பந்தலாக நிறுத்தியிருந்தார்கள். உள்ளே பாய்லர், மேலே மின்விசிறி, வெளியே பெஞ்சு. டீ எப்படி இருந்தது என்று நினைவில்லை. இருபது அடி நீளத்தில் ஓர் அறை, சுவரும் கூரையும் தரையும் சேர்ந்து ஒரே நாளில் வந்து இறங்கும் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. அதை இறக்கி வைக்கப்போகும் வீட்டில் பிறகு என்ன நடக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "ரூம் வேணும்னு சொன்னீங்க. இப்பக் கப்பலே வாங்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

நான் பெரியவர்களைச் சாட்சிக்கு அழைத்தேன். மார்க் ட்வெயினுக்கு 1874-ல் எல்மைரா என்ற ஊரில் அவருடைய மனைவியின் சகோதரி தோட்டத்தில் எட்டு மூலை அறை ஒன்று கட்டிக் கொடுத்தார். பெர்னார்ட் ஷா தம் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரக்குடில் வைத்திருந்தார். சூரியன் நகர நகர அதையும் அப்படியே திருப்பி வைத்துக்கொள்ளலாம். அந்தக் குடிலுக்கு லண்டன் என்று பெயர். வேண்டாத விருந்தாளி வந்தால் வீட்டார் 'லண்டன் போயிருக்கிறார்' என்று பொய் சொல்லாமலே அனுப்பிவிடலாம்.

"நீங்க எதுக்கு அவ்வளவு செலவு பண்றீங்க? இப்பவே நாங்க வீட்டுல இல்லேன்னுதானே சொல்றோம்?" என்றாள் அவள். ஆனால் மறுக்கவில்லை. கூடத்து மேஜை காலியானால் தையல் மிஷினை அங்கே போடலாம் என்று அவளுக்கும் ஓர் உத்தேசம் இருந்தது.

தூத்துக்குடியில் பழைய பெட்டிகள் விற்கும் வளாகம் ஒன்றுக்குப் போனேன். அடுக்கி வைத்த கண்டெய்னர்களுக்கு நடுவே நிற்கும்போது மனிதன் எறும்பாகிவிடுகிறான். வ. உ. சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர் இது. அந்தக் காலத்திலும், அதற்குப் பின் ஐம்பது வருஷங்களும், உலகத்துத் துறைமுகங்களில் மூட்டைச் சரக்கு பெரும்பாலும் மனித உழைப்பால்தான் கப்பலேறியது.

அதை மாற்றியவர் மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரிக்காரர். 1937-ல் துறைமுகத்தில் பஞ்சு மூட்டைகளை இறக்குவதற்காக நாள் முழுதும் காத்துக் கிடந்தபோது, மூட்டை மூட்டையாகத் தூக்குவதைவிட லாரியின் பெட்டியையே கப்பலில் தூக்கி வைத்தால் என்ன என்று தமக்குத் தோன்றியதாக அவர் பிற்காலத்தில் சொன்னார். தோன்றியது செயலாக இருபது வருஷம் பிடித்தது. 1956 ஏப்ரல் 26-ஆம் தேதி, 'ஐடியல் எக்ஸ்' என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. ஒரு டன் சரக்கை ஏற்ற ஆறு டாலருக்குச் சற்றுக் குறைவாக ஆகிக்கொண்டிருந்த செலவு, பதினாறு சென்ட்டாக இறங்கியது. மூட்டை தூக்கியவர்கள் வேலை போயிற்று. பெட்டியைப் பூட்டுகிறவன், கட்டுகிறவன், கூட்டிப் பெருக்குகிறவன் என்று வேறு வேலைகள் வந்தன. பஞ்சு விளையும் பூமியில் பிறந்த எனக்கு, இதற்கெல்லாம் தொடக்கம் ஒரு பஞ்சு மூட்டை என்பதில் ஒரு சொந்தம் தோன்றியது.

கடலில் அலைந்து வயதான பெட்டிகளை வீடாக்கும் யோசனையும் புதிதல்ல. 1987-லேயே அமெரிக்காவில் ஒருவர் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். லண்டனில் 2001-ல் பெட்டிகளை அடுக்கிக் கலைஞர்களுக்கு வேலையிடங்கள் அமைத்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் மாணவர்களுக்கு ஒரு குடியிருப்பே அப்படி எழுந்தது. ஆனால் அவை குளிர் நாடுகள். இந்த வித்தியாசத்தை நான் பிறகுதான் உணர்ந்தேன்.

வளாகத்து மேற்பார்வையாளர் நல்ல மனிதர். பெட்டியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று அவரே சொல்லிக் கொடுத்தார். மேலே தெரியும் துருவைக் கண்டு பயப்படக் கூடாது. இந்த எஃகில் கொஞ்சம் செம்பும் குரோமியமும் கலந்திருக்கும், மேல் துருவே அதற்குச் சட்டை. அடிச் சட்டங்கள் அரித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். தரை 28 மில்லிமீட்டர் பிளைவுட். பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றியது. மனிதன் உட்காரப்போகிறான் என்றால் அதன்மேல் வேறு விரிப்பு பரப்பிக்கொள்வது நல்லது. உள்ளே ரசாயனக் கறையோ நெடியோ இருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

"கடைசியா வெளிச்சப் பரீட்சை சார். உள்ள நில்லுங்க, கதவைச் சாத்தறேன். எங்கயாவது பொட்டு வெளிச்சம் தெரிஞ்சா அங்கே ஓட்டைன்னு அர்த்தம்" என்றார்.

நின்றேன். இரண்டு கதவுகளும் மூடின. நாலு இரும்புக் கம்பிகளும் வெளியே கடகடவென்று பூட்டிக்கொண்டன. கண்ணுக்கு எதிரே விரலை நீட்டினால் விரல் தெரியவில்லை. ஒரு நிமிஷம்தான். அவர் திறந்ததும், "ஒரு பொட்டுக்கூட இல்லை, நல்ல பெட்டி" என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். ஒரு லட்சத்துக்குச் சற்று மேலே விலை பேசி முடித்தேன்.

பெட்டி வருவதற்கு முன்பே அடித்தளம் தயாராக வேண்டும். கண்டெய்னரின் நல்ல குணம், அதன் பாரமெல்லாம் நாலு மூலைகளில் இறங்கும் என்பது. ஆகவே நீள அஸ்திவாரம் தேவையில்லை. நாலு மூலைகளிலும் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுச் சரளை இட்டுக் கெட்டித்து, மேலே கான்கிரீட்டுத் தூண்கள் எழுப்பினோம். தரைக்கும் பெட்டிக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி. மண் ஊதினாலும் வெடித்தாலும் பெட்டிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. காற்றும் அடியில் ஓடும்.

ஒரு மாசி மாதத்துக் காலையில் பெட்டி டிரெய்லரில் புறப்பட்டது. பாரதி பிறந்த எட்டயபுரம் வழியாக வந்து, அருப்புக்கோட்டையில் திரும்பி, திருச்சுழி தாண்டி வருவதற்குள் உச்சிப்பொழுது ஆகிவிட்டது. எங்கள் தெருவில் வண்டி நுழைவதற்கு மின்சாரத்தை நிறுத்திக் கம்பிகளை மூங்கிலால் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டுவிட்டதோ என்று நினைக்கும்படி பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து வரவழைத்த ஹைட்ரா, இரண்டேகால் டன் இரும்பைச் சுவருக்கு மேலே தூக்கிக் கொல்லைக்குள் இறக்கியது.

அம்மா சமையற்கட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏய்யா, இந்த வீட்டுக்குள்ள பெட்டி வந்தா ஒரு ஆளு கெளம்பப் போறான்னுதான் அர்த்தம்" என்றாள்.

இதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொள்ள முடியாது. வானம் பார்த்த பூமி இது. மழை பொய்த்தபோதெல்லாம் இங்கே வீட்டுக்கு ஒருவர் பெட்டியைத் தூக்கியிருக்கிறார். ஒரு தலைமுறை பர்மாவுக்கும் இலங்கைக்கும் போயிற்று, ஒரு தலைமுறை மலாயாவுக்கு, அடுத்தது வளைகுடாவுக்கு. டிரங்குப் பெட்டி, தோல் பெட்டி, சக்கரம் வைத்த பெட்டி என்று பெட்டிதான் மாறியது. எங்கள் ஐயா - அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம் - 1986-ல் போனார், 2001-ல் திரும்பினார். இடையில் நாலு தடவை விடுமுறையில் வந்தார். வளைகுடாத் துறைமுகம் ஒன்றில் வேலை என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். திரும்பி வந்த பிறகும் அதைப் பற்றி அவர் பேசியதில்லை. இரண்டு ஆடுகளும் காலைப் பத்திரிகையும் போதும் அவருக்கு.

பெட்டி வாங்கும் பேச்சு நடந்தபோதெல்லாம் ஐயா ஒன்றும் சொல்லவில்லை. தூத்துக்குடிக்குக் கூப்பிட்டபோது, "நீ போயிட்டு வா தம்பி" என்றதோடு சரி. அன்று ஹைட்ரா போய்க் கூட்டம் கலைந்த பிறகு மெல்ல எழுந்து கொல்லைக்கு வந்தார். பெட்டியை ஒரு தடவை சுற்றினார். மூலையில் உள்ள ஓட்டை வைத்த இரும்புக் கட்டையை உள்ளங்கையால் தட்டினார். மாட்டின் திமிலைத் தட்டுவதுபோல் இருந்தது. பிறகு கதவுக்கு எதிரே நின்று, கண்ணாடி இல்லாமலே, அதில் எழுதியிருந்த நாலு எழுத்துக்களையும் ஏழு எண்களையும் வாய்விட்டுப் படித்தார்.

"22 ஜி 1. இருபதடி, சாதாப் பெட்டி" என்றார். "கடைசி நம்பரைக் கட்டம் கட்டி வச்சிருக்கான் பாத்தியா? முன்னால இருக்கிற எழுத்தும் நம்பரும் சரியான்னு கணக்குப் போட்டுப் பாக்கத்தான் அது. ஒரு நம்பரை மாத்தி எழுதினா மிஷினு கண்டுபிடிச்சிரும்."

பதினைந்து வருஷத்து வேலையைப் பற்றி என் தகப்பனார் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவை. நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

பங்குனி பிறந்தது. பெட்டி தன் குணத்தைக் காட்டியது. கல்லூரியில் இரண்டே வருஷம் படித்தவன் நான். அந்த இரண்டு வருஷத்தில் வெப்பம் பரவும் மூன்று வழிகளை மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்தப் பெட்டிக்குள் மூன்று வழியாலும் அது வந்தது. உள்ளே தொங்கவிட்ட உஷ்ணமானி மத்தியானம் 48 டிகிரி காட்டியது. மேஜைமேல் நட்டு வைத்த மெழுகுவத்தி மாலைக்குள் தலை கவிழ்ந்திருந்தது. ஷா தம் குடிலைத் திருப்பித் திருப்பிச் சூரியனைத் தேடினாரே, அவரை ஒரு நாள் இங்கே கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏ.சி. வைத்தால் மாதா மாதம் என் கதைக்கு வரும் பணம் மின்சாரத்துக்கே போகும். யோசித்துக்கொண்டிருந்தபோது ஐயா சொன்னார்:

"கப்பல்ல மேல் தட்டுல இருக்கிற பெட்டிதான் வேகும். கீழ இருக்கிறதுக்கு மேல இருக்கிறதே குடை. இதுக்கு ஒரு குடை புடி."

குடை என்றால் பனையோலைக் கூரை. பெட்டியின் கூரைத் தகடு இரண்டு மில்லிமீட்டர் கனம்தான்; அதன் நடுவில் பாரம் ஏற்றக் கூடாது. ஆகவே வெளியே தனியாகக் கால்கள் நட்டு, பெட்டிக்கு மேல் ஒன்றரை அடி விட்டு, நாலு பக்கமும் இரண்டடி நீட்டிக் கூரை வேய்ந்தோம். வெயில் ஓலையில் விழும். நடுவில் உள்ள காற்று சூட்டை அடித்துக்கொண்டு போகும். பெட்டியைக் கிழமேலாக நீட்டி வைத்திருந்ததால் குறுகிய பக்கங்கள் மட்டுமே காலை வெயிலையும் மாலை வெயிலையும் வாங்கும். மேற்கே வேம்பு இருந்தது. அதோடு ஒரு தட்டியும் கட்டினோம்.

ஐயா இன்னொன்றும் சொன்னார். "ராத்திரி குளிர்ந்தா இது உள்ளாற வேர்க்கும். கடல்ல போறப்ப கூரையிலிருந்து மழை மாதிரி சொட்டிச் சரக்கெல்லாம் கெட்டுப்போகும். காத்துப் போக வழி வச்சுட்டு அப்புறம் உள்சுவர் அடி." அதன்படி வடக்கிலும் தெற்கிலும் எதிரெதிரே ஜன்னல் வைப்பது என்று முடிவாயிற்று. தகட்டின் மடிப்புகளுக்கு நடுவே தெர்மகோல் ஒட்டி, மேலே பிளைவுட் அடிப்பது என்றும், வெல்டிங் வேலை எல்லாம் முடிந்த பிறகே தெர்மகோலைத் தொடுவது என்றும் ஏற்பாடு. பொறி பட்டால் அது பற்றிக்கொள்ளும்.

வெல்டிங்குக்கு அடுத்த தெருப் பாய் வந்தார். ஐயாவை அவர் மாமா என்பார். அந்த முறையில் நான் அவருக்கு மாப்பிள்ளை. ஜன்னல் வரும் இடங்களைச் சாக்கட்டியால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தோம்.

"ஆளு போறதுக்கு ஒரு கதவும் வெட்டணும். உள்ளேயிருந்து தெறக்குற மாதிரி" என்றார் ஐயா.

எனக்கு அது அனாவசியச் செலவாகப் பட்டது. கதவை வெட்டினால் அந்த இடத்தில் சுவர் வலுவிழக்கும். சுற்றிலும் சதுரக் குழாயில் சட்டம் வைத்து வெல்டு செய்ய வேண்டும். நல்ல கதவு வாங்க வேண்டும். கிழக்கே பெட்டியின் சொந்தக் கதவுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டால் போகிறது. "ஜன்னல் இருக்கே ஐயா, போதும்" என்றேன்.

"அந்தக் கதவுக்குக் கம்பியெல்லாம் வெளியிலதான் இருக்கு."

"இருக்கட்டுமே. இங்க யாரு வந்து பூட்டப் போறா?"

"யாரும் வேணும்னு பூட்டறதில்ல" என்றார். பிறகு, நான் என்றும் கேட்டறியாத குரலில், "கதவு வெட்டலேன்னா நான் இதுக்குள்ள கால் வைக்க மாட்டேன். பிள்ளைகளையும் விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

பாய் கையிலிருந்த சாக்கட்டியைக் கீழே வைத்தார். "மாப்ள, நான் சாப்பிட்டுட்டு வர்றேன்" என்று நாசூக்காக எழுந்து போனார்.

ஐயாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெகு நேரம் அவர் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஆடுகளிடம் சொல்வதுபோலவே சொன்னார்.

"தொண்ணூத்தி ரெண்டுல. காலிப் பெட்டியைக் கூட்டறதுக்கு ரெண்டு ரெண்டு பேராத்தான் போகணும். அன்னிக்கு எங்கூட வர்றவனுக்குக் காய்ச்சல். நான் ஒத்தையா உள்ள கடைசியில நின்னு கூட்டிக்கிட்டிருந்தேன். காலிப் பெட்டின்னு நெனைச்சு எவனோ சாத்திட்டுப் போயிட்டான். கம்பி விழுந்த சத்தம் கேட்டுச்சு. ஓடி வந்து தட்டினேன். வெளியில கிரேனு, லாரி. யாருக்குக் கேக்கும்?"

நான் ஒன்றும் பேசவில்லை.

"ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. நல்ல பெட்டி அது. கொஞ்ச நேரம் கத்தினேன். அப்புறம் கத்தினா தண்ணி வத்திப்போகும்னு நிறுத்திட்டேன். பூட்ஸைக் கழட்டி, குதிகால் பக்கத்தால கதவைத் தட்டினேன். நூறு எண்ணுவேன், தட்டுவேன். நூறு எண்ணுவேன், தட்டுவேன். ரெண்டு மணி நேரம்னு அப்புறம் சொன்னாங்க. நம்பர் எழுத வந்த பையன் கேட்டுத் தெறந்தான். அதுக்கப்புறம் எந்தப் பெட்டிக்குள்ள போனாலும் நம்பரைப் படிச்சு, வெளியில நிக்கிற ஒருத்தன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன். இந்த நம்பர்ல நான் இருக்கேன், பாத்துக்கோன்னு."

அன்று அவர் கண்ணாடி இல்லாமல் அந்த எண்களைப் படித்தது ஏன் என்று எனக்கு இப்போது புரிந்தது.

"வீட்டுக்கு எழுதலையே ஐயா?"

"எழுதி?" என்றார். அவ்வளவுதான்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களைப் படிக்கிறவன் நான். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஐயாவின் கடிதம் வந்தால் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன். அம்மா சொல்லச் சொல்லப் பதில் எழுதுவேன். பிறகு தெருவில் நாலைந்து வீடுகளுக்கும் அந்த உத்தியோகம் பார்த்தேன். நான் எழுத்தாளன் ஆனதே அந்தத் திண்ணையில்தான் என்று மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அயல்நாட்டுக் கடிதங்களை வைத்து ஒரு நாவலே எழுதியிருக்கிறேன். அதில் உணர்ச்சி ததும்புகிறது என்று எழுதினார்கள்.

அன்று இரவு அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து கடிதக் கட்டை எடுத்தேன். அவள் வருஷவாரியாக நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறாள். 1992-ஆம் வருஷத்துக் கட்டில் ஆகஸ்ட் மாதக் கடிதம் இருந்தது. ஒரு பக்கம். பணம் அனுப்பிய விவரம், என் பள்ளிக்கூடச் சம்பளம், தொழுவத்துக் கூரை மாற்றும் விஷயம். நடுவில் ஒரு வரி: 'இங்கு இந்த மாதம் வெயில் சற்று அதிகம். மற்றபடி நலம்.'

அந்த வரியை நான் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்திருக்கிறேன். பன்னிரண்டு வயதுப் பையனின் கணீரென்ற குரலில். படித்துவிட்டு விளையாடப் போயிருப்பேன். வருஷக்கணக்காக மனித மனத்தை ஆராய்கிறவன் என்று பெயர் வாங்கிய பிறகும் அந்தக் கட்டை நான் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

மறுநாள் தெற்குச் சுவரில் கதவு வெட்டினோம். பாய் அதற்குக் கூலி வாங்க மறுத்தார். பிறகு பாதி வாங்கிக்கொண்டார். உள்ளேயிருந்து சாவி இல்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் வைத்தோம். பெட்டியின் பழைய கதவுகளில் ஒன்றைத் திறந்த நிலையிலேயே நிறுத்தி, சாத்த முடியாதபடி ஒரு துண்டு இரும்பை வைத்து வெல்டு செய்யச் சொன்னார் ஐயா. அதில் ஒரு கம்பி வலை அடித்தோம். காலை வெளிச்சம் அந்த வழியாக வருகிறது.

கடைசியாக மின்சாரம். இரும்பு அறைக்கு எர்த் இல்லாமல் விளக்குப் போடக் கூடாது. ஒரு வயர் தோல் உரிந்தால் நாலு சுவரும் ஷாக் அடிக்கும். எலெக்ட்ரீஷியன் குழி தோண்டிக் குழாய் இறக்கி, உப்பும் கரியும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினார். கரிக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. சீமைக் கருவேலை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது எங்கள் வட்டாரத்தில் பலருக்குப் பிழைப்பு.

கதவு வைத்த அன்று மாலை அம்மா கொல்லைக்கு வந்தாள். அன்று மரத்தடியில் ஐயா சொன்னது சமையற்கட்டு வரை கேட்டிருக்குமா என்று எனக்குத் தெரியாது, அவளும் சொல்லவில்லை. படியேறி உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து திறந்தாள். மறுபடி சாத்தினாள், திறந்தாள். மூன்று தடவை. பிறகு வெளியே வந்து, மரத்தடியில் இருந்த ஐயாவைப் பார்த்து, "சாப்பிட வாங்க" என்றாள். எப்போதும் மூன்று தடவை கூப்பிட்டால்தான் எழுந்திருக்கிறவர், அன்று உடனே எழுந்து போனார்.

அறை எப்படி இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உள்ளதைச் சொல்கிறேன். விடியற்காலை ஐந்து மணியிலிருந்து பத்து மணி வரை சுகம். ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது நாள் முழுதும் சுகம். சித்திரையில் மத்தியானம் 37 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை; அப்போது மின்விசிறியும் பயனில்லை, வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறேன். செலவு மொத்தத்தில் செங்கல் அறைக்குக் கொத்தனார் சொன்னதில் முக்கால் பங்கு ஆயிற்று. மலிவு என்று நம்பி இறங்குகிறவர்களுக்கு இதை எச்சரிக்கையாகவே சொல்கிறேன்: பெட்டியின் விலை பாதிதான், மீதி அதை மனிதன் இருக்கும் இடமாக மாற்றுவதில் இருக்கிறது.

சத்தம்? கதவைச் சாத்தினால் ஆட்டுச் சத்தம் கேட்பதில்லை. ஆனால் நான் சாத்துவதில்லை. சாத்தினால் ஐயா எழுந்து வந்து ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுப் போகிறார். அதனால் இரண்டு பேருக்கும் வேலை கெடுகிறது. அவர் இப்போது காலைப் பத்திரிகையைத் தெற்குக் கதவுப் படியில் உட்கார்ந்து படிக்கிறார். சில நாள் பேசுவார். பல நாள் பேசமாட்டார். பேசும் நாட்களில் என் நாவல் ஒரு பக்கம்கூட நகராது.

இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தார்.

"எழுதிக்கோ" என்றார். "ஆனா எங்கதையை விடு. உள்ளேயிருந்து தெறக்குற கதவு வைக்கணும்னு நல்லா வெவரமா எழுது. கடை வைக்கறான், ஆபீஸ் வைக்கறான், இப்ப நெறையப் பேரு இதை வாங்குறான். படிச்சுட்டு யாராச்சும் வைப்பான்."

அவர் சொன்னதில் பாதியைத்தான் கேட்டிருக்கிறேன். கதவைப் பற்றி விவரமாக எழுதிவிட்டேன்.